பதினேழாமவன்

போர் இலக்கியம் என்றதும் படைவீரனையும் போர்விமானியையும் நினைக்கிறோம், சரக்கேற்றியவனை நினைப்பதில்லை. ஜேம்ஸ் மிச்னரின் 'டேல்ஸ் ஆஃப் த சௌத் பசிபிக்' (1947) நூலை அண்மையில் நண்பர்கள் சேர்ந்து மறுவாசிப்புச் செய்தபோது தேசப்படம் ஒன்றையும் அருகில் விரித்து வைத்துக்கொண்டோம். கதையில் சில வரிகளில் கடந்துவிடும் தீவுகளுக்கிடையே படத்தில் பெருங்கடல் கிடந்தது. நியூ கலிடோனியாவின் தொந்தூதா விமானத்தளத்திலிருந்து எஸ்பிரித்து சாந்தோ தீவு 700 கி.மீ.க்கு மேல்; அங்கிருந்து குவாடல்கனால் மேலும் 1,000 கி.மீ. அளவு. இத்தொலைவுக்கு எதை, எவ்வளவு ஏற்றி அனுப்புவது என்று தீர்மானித்தவர்களை நோக்கிப் பேச்சு திரும்பியது.

1942 ஆகஸ்டில் அமெரிக்கப் படைகள் குவாடல்கனாலில் இறங்கின. செப்டம்பரில் மரைன் படையின் டக்ளஸ் சரக்கு விமானங்கள் அங்கே வரத் தொடங்கின. ஓட்டை வண்டிகளை நாம் கேலியாக 'டகோட்டா' என்கிறோமே, அதே டகோட்டாதான். நவம்பரில் வெவ்வேறு படைகளின் சரக்கு விமானங்கள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. 'ஸ்காட்' என்னும் தென் பசிபிக் போர்க்கள விமானப் போக்குவரத்து அமைப்பு பிறந்தது.

ஒரு விமானம் சுமந்தது சுமார் 3,000 பவுண்டு. அக்டோபர் 13 நள்ளிரவில் இரு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் ஹெண்டர்சன் விமானத்தளத்தைக் குண்டுகளால் உழுதபின் அங்கே எரிபொருள் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. டகோட்டாக்கள் பெட்ரோல் பீப்பாய்களுடன் பறந்தன. ஒரு விமானச் சுமை, பன்னிரண்டு போர்விமானங்களை ஒரு மணி நேரம் வானில் நிறுத்தும். பெட்ரோல் ஏறினால் உணவுக்கும் மருந்துக்கும் இடமில்லை. ஒரு மணி நேரப் பாதுகாப்பா, ஒருநாள் உணவா என்பதைத் தராசு முன் நின்றவர் முடிவு செய்தாக வேண்டும்.

திரும்பும் பயணத்தில், பீப்பாய்கள் உருண்ட அதே தளத்தில் காயமுற்றோரைக் கிடத்தினர். ஒரு விமானத்தில் பதினாறு தூக்குப்படுக்கைகள். எங்களை அன்று வெகுநேரம் பேசவிடாமல் செய்தது இந்த எண்தான். பதினேழாமவன் ஓடுபாதையோரம் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்திருப்பான். அது வருமா என்பதை வானிலையும் எதிரியும் தீர்மானித்திருப்பார்கள்.

மிச்னரும் இத்தீவுகளுக்கிடையே விமானங்களில் அலைந்தவர். தொந்தூதாவில் ஓர் அந்தியில் தரையிறங்கும்போது விபத்திலிருந்து மயிரிழையில் தப்பினார்; அன்றிரவு அந்த ஓடுபாதையில் தனியே நடந்தபோதே எழுத்தாளனாக உறுதி பூண்டதாகப் பின்னாளில் எழுதினார். உயிர் பிழைத்த பயணி ஒருவரால் நமக்கு ஒரு நூல் கிடைத்தது. பதினாறோடு பட்டியலை முடித்துக் கையொப்பமிட்டவனின் இரவு எப்படிக் கழிந்தது என்பதை நாங்கள் வாசித்த எந்தக் கதையிலும் காணவில்லை. வாசித்தவர்கள் இருப்பின் அறியத் தாருங்கள்.