இருபத்தாறு திருமணங்கள்

பானிபட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. பாபரின் பீரங்கிகள் முழங்க, இப்ராகிம் லோடியின் யானைகள் மிரண்டோட, கரும்பலகையின் முன் நின்று நாமும் முழங்கிக்கொண்டிருந்தோம். பதினோராம் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மாணவியின் கண்கள் கலங்கியிருந்தன. 1526ஆம் ஆண்டுப் போருக்காக நம் வகுப்பில் எவரும் இதுவரை கண்ணீர் சிந்தியதில்லை. ஐயுற்று அருகே சென்றோம். வரலாற்று நூலுக்குள் ஒளிந்திருந்தது, வாடகை நூலகத்தின் முத்திரை குத்திய ஒரு காதற் புதினம்.

பறித்துக்கொண்டோம். ஆசிரியருக்குரிய கடுமையோடு நாலு சொல்லும் சொன்னோம். மாலையில் அவள் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றாள். "வாடகை ஏறும் டீச்சர். நாளைக்காவது குடுத்துருங்க."

அன்றிரவு கண்டிக்கும் நோக்கோடுதான் ஏட்டைப் பிரித்தோம். மூடியபோது மணி இரண்டு! மறுநாள் திருப்பிக் கொடுக்கையில், "இதில் அப்படி என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டோம். தயங்கித் தயங்கி அவள் சொன்ன விடை இது: "இதுல யாரும் யாரையும் நீங்க என்ன ஆளுங்கன்னு கேக்குறதே இல்ல டீச்சர்."

2024 பிப்ரவரியில் கேட்ட அந்தச் சொல்தான் அவ்வாண்டு மே மாத விடுமுறையை விழுங்கிற்று. நம் இல்லத்துப் பரணில் அம்மா சேர்த்துவைத்த மாத நாவல்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய உண்டு. நினைவு தெரிந்த நாள் முதல் நாம் ஏளனம் செய்த பெட்டி. அதை இறக்கினோம். ரமணிசந்திரன் முதலாக, நேற்றுக் கைப்பேசியில் தொடர்கதை எழுதத் தொடங்கிய இளம்பெண்கள் வரை, முப்பத்தொரு நாளில் இருபத்தாறு காதற் புதினங்கள். இடையிடையே வேறு நூல்கள் நாலைந்து. தோழர்களே, நகைக்க வேண்டாம். கட்டுரை எழுதிக் கண்டிக்கும் பலர், கண்டிக்கும் பொருளைக் கண்ணால் கண்டதில்லை. நாமும் அவ்வாறு இருந்தவர்தாம்.

என்ன கண்டோம்? ஒரு மாளிகை, ஒரு தொழிலதிபன், ஒரு சினம். அவனுக்கு உதகையில் தேயிலைத் தோட்டம் இருக்கும். இல்லையேல் கோவையில் ஆலை இருக்கும். பெண்ணினத்தின்மேல் ஒரு பழைய வெறுப்பு இருக்கும். தந்தையை இழந்த, தன்மானம் மிக்க ஒருத்தி கடனுக்காகவோ தங்கையின் வாழ்வுக்காகவோ அவனுக்கு மாலையிடுவாள். அவன் ஐயுறுவான், வார்த்தையால் சுடுவான். சில கதைகளில் கைநீட்டவும் செய்வான். பத்தாம் இயலில் கன்னத்தில் அறைந்த கை, இறுதிப் பக்கத்தில் கண்ணீர் துடைக்கும். அந்தத் துடைப்பே போதுமென்று அவள் மன்னிப்பாள். அவளே பட்டம் பெற்றவள், முதல் வகுப்பில் தேறியவள், முதல் இயலில் வேலைக்குப் போகிறவள்! கடைசி இயலிலும் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். ஒரு கையின் விரல்களே மிகுதி. வேலையை விட்ட காட்சிகூட இல்லை; வேலை தானே கரைந்துபோகிறது, சர்க்கரை போல.

எல்லாரும் ஒருபடித்தாக எழுதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே ஒரு குவளைக் காப்பியைக் கொண்டு நடக்கும் போரை ஒரு கதாசிரியை தீட்டியிருந்தார். பானிபட்டைக் காட்டிலும் அதை நன்றாக விளக்கலாம் என்று தோன்றிற்று.

இந்தச் சினங்கொண்ட சீமானின் வமிசாவளியைத் தேடிப் போனோம். 1847இல் ஷார்லட் பிராண்டி, கரர் பெல் என்னும் புனைபெயரில் மறைந்துகொண்டு வெளியிட்ட 'ஜேன் அயர்' புதினத்தின் ராச்செஸ்டர்தான் இவனுக்குப் பாட்டன். ஆனால் பாட்டனின் கதையில் வரும் பெண், அவனுக்கு மனைவி ஒருத்தி உயிரோடிருப்பதை அறிந்ததும், வெளியேறுகிறாள். பள்ளியில் பாடம் சொல்லிப் பிழைக்கிறாள். சொந்தச் செல்வம் வந்தபின், தன் விருப்பத்தால் திரும்பி வருகிறாள். பேரன்மாரின் கதைகளில் அந்த வெளியேற்றம் தொலைந்துவிட்டது. சினம் மட்டும் சொத்தாக வந்து சேர்ந்தது.

ஜேன் ஆஸ்டினின் 1813ஆம் ஆண்டுப் புதினத்தையும் அம்மாதமே, அகராதி துணையோடு படித்தோம். டார்சிக்கு ஆண்டு வருவாய் பத்தாயிரம் பவுண்டு என்பது அவன் பேசத் தொடங்குமுன்பே நடன அரங்கெங்கும் பரவிவிடுகிறது. பெண்மக்கள் ஐவரும் வாழும் வீடு, தந்தை இறந்தால் உறவினன் ஒருவனுக்குப் போய்விடும். இருபத்தேழு வயதுத் தோழி, இல்லம் ஒன்று வேண்டுமென்பதற்காக ஓர் அசடனை மணக்கிறாள். காதலைப் பாடவந்த அந்த மாதரசி, காதலைச் சுற்றியிருந்த வேலியையும் கணக்கிட்டுக் காட்டினார். அவர் நாட்டு வேலி பணம், நிலம். நம் நாட்டு வேலியின் பெயர் எல்லாருக்கும் தெரியும்; இருபத்தாறு நூல்களில் ஒன்றிலேனும் அச்சொல் அச்சேறவில்லை.

அகத்திணையிலும் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாதென்று தொல்காப்பியம் வரையறுத்ததே என்று கேட்பீர்கள். அங்கே பெயரே இல்லை. ஆகவே அக்காதல் எவருக்கும் உரியது. வாடகைப் புதினத்திலோ பெயருண்டு, ஊருண்டு, மகிழுந்தின் நிறமும் பட்டுப் புடவையின் கரையும் உண்டு. எல்லாவற்றையும் எழுதி ஒன்றை மட்டும் விடுவது மறதியாகாது. புரோகிதர் வராத திருமணமும் இல்லை! மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ செய்யும் சுயமரியாதைத் திருமணம் செல்லுமென்ற திருத்தம் 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்தும் அச்செய்தி இந்தத் தொழிலதிபர்களின் காதுக்கு எட்டவில்லை. இருபத்தாறு திருமணங்களிலும் புகைதான்.

இவ்வாறெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக் கண்டனக் கட்டுரைக்கு அணியமாக இருந்தபோதுதான் அந்த மாணவியின் சொல் குறுக்கே வந்து நின்றது. எது குறை என்று நாம் கோடிட்டோமோ, அதுவே அவளுக்கு நிழல். தெருவில் கேட்கிறார்கள், விடுதியில் கேட்கிறார்கள், தோழியின் வீட்டில் தண்ணீர் தருமுன் கேட்கிறார்கள். கேட்காத ஓர் இடத்தை நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் கொடுத்து வாடகைக்கு எடுத்திருக்கிறாள் அவள். அதைத்தான் நாம் பறித்தோம்.

ஆயினும் அந்நிழலில் வேறு சிலரும் இளைப்பாறுகிறார்கள். மே மாதத்தின் கடைசி ஞாயிறு. அம்மா கதை ஒன்றை முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், விரும்புன ஒருத்தனோட சேர்றதுக்கு அந்தப் பொண்ணு எவ்வளவு பாடுபட்டுட்டா!" என்றார். அதே கையால் மேசைமேலிருந்த தாளை எடுத்தார். நம் பொருட்டுத் திருமணத் தகவல் நிலையம் ஒன்று கொடுத்த படிவம் அது. சாதி என்ற இடத்தை நிரப்பினார். உட்பிரிவை இன்னும் அழகான எழுத்தில் நிரப்பினார். அடுத்து ஒரு கட்டம்: 'சாதி தடையில்லை'. எழுதுகோலை உயர்த்தியபடி, "இதுக்கு இல்லைன்னு போட்டுடவா?" என்றார்.

அம்மாவைக் குறை கூற நமக்கு வாய் ஏது? கலப்பு மணம் என்னும் பொருளில் பேச்சுப் போட்டிக்கு மாணவருக்கு எழுதிக் கொடுத்தவர் நாம். வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் இசைவோ சாதியாரின் இசைவோ தேவையில்லையென உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்ன தீர்ப்பை ஆண்டு பிறழாமல் ஒப்பிப்பவர் நாம். சாதி மறுத்து மணந்த இளைஞர் ஒருவர் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், ஊரே பார்த்திருக்க வெட்டி வீழ்த்தப்பட்டதைக் கண்டித்துக் கல்லூரி வாயிலில் முழக்கமிட்டவர்களில் நாமும் ஒருவர். அந்தப் படிவம் வேண்டாதது என்று சொல்லப் போதுமான ஒரு பெயர் ஈராண்டுகளாக நம் நெஞ்சில் இருக்கிறது. அம்மாவிடம் அதைச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. "அப்புறம் போடலாம்மா, வைங்க" என்று மட்டும் சொன்னோம். பத்தாம் இயலில் வாய்மூடி நிற்கும் கதாநாயகியை முப்பது நாளாகப் பழித்துவந்த அதே வாய்!

இரவில் நம் அலமாரியைத் துழாவினோம். கையில் வந்தது பெருமாள்முருகனின் 'பூக்குழி', 2013இல் வெளிவந்த நூல். குமரேசன் சரோஜாவை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். அங்கே அவளைப் பார்ப்பவரெல்லாம் அறிய விழைவது ஒன்றே, நம் மாணவி வெறுத்த அதே கேள்விதான். தகரப் பெட்டியின் நூல்களோடு இதையும் சேர்த்து, காலையில் அம்மாவின் நாற்காலியருகே வைத்தோம்.

அம்மா எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதுவும் காதல் கதைதானே?"

"ஆமாம்மா."

"முடிவு நல்லாருக்குமா?"

நாம் விடை சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் முதற்பக்கத்தைப் பிரித்தார். படிவம் மேசைமேல் கிடந்தது, அந்தக் கட்டம் நிரப்பப்படாமல். பள்ளி திறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. அம்மா படித்து முடிக்கட்டுமென்று அடுக்களைக்குச் சென்று அன்றைய சமையலை நாமே தொடங்கினோம்.