கார் கழுவும் சவுக்காரம்

பள்ளிக்கூடத்து டீச்சருக்குக் கார் கழுவும் கதை எதற்கு என்று நினைக்காதீர்கள். 1994இல் கஞ்சிலும் 2005இல் மைவியும் வந்த பிறகு, மரம் சீவுகிறவர் வீட்டு வாசலிலும் குலை வெட்டுகிறவர் வீட்டு வாசலிலும் கார் நிற்பதைப் பார்க்கிறோம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, மாதா மாதம் பேங்குக்குப் பணம் கட்டிய பொருள் அது. நகைநட்டுக்கு அடுத்தபடியாக, அவசரத்துக்கு விலைபோகக்கூடியதும் அதுதான். அதை எதைக்கொண்டு கழுவுகிறோம் என்பதை மட்டும் நாம் அதிகம் யோசிப்பதில்லை.

போர்ட்டிக்சன் பக்கத்தில் நான் இருக்கும் தோட்டத்தில், டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர் பழைய மைவி ஒன்றை வாங்கினார். மகள் படிவம் ஐந்து முடிக்கும் வரை ஓட்டுவது, பிறகு நல்ல விலைக்கு விற்று அவள் மேற்படிப்புக்கு வைத்துக்கொள்வது என்பது அவர் கணக்கு. சாயம் மங்கினால் விலை இறங்கிவிடும் அல்லவா? அதனால் டவுனில் ஒரு கடையில் 600 வெள்ளி கொடுத்துக் ‘கோட்டிங்’ போட்டார். 2025இல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிதான். அதில் 600 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

போட்ட புதிதில் மழைத்தண்ணீர் சேம்பிலையில் உருளுவதுபோல் உருண்டோடியது. ஐந்து மாதத்தில் அது நின்றுபோனது. அண்ணன் கோபத்தோடு கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: “எந்தச் சவுக்காரத்துல கழுவுறீங்க?”

கழுவுவது அண்ணன் இல்லை, அவர் மனைவி. ஞாயிறுதோறும், துணிக்கு ஊறப்போடும் தூளையே வாளியில் கரைத்து, கூரையிலிருந்து டயர் வரைக்கும் தேய்த்துவிடுவார். “டீச்சர், செம்மண் பிடிச்ச சட்டையையே வெளுக்க வைக்கிற தூளு, காருக்கு மட்டும் ஆகாதா?” என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பால் உறையாமல் இருக்க அமோனியா விடுவார்கள். ஷீட் அடிக்க அதே பாலை உறைய வைக்க பார்மிக் எசிட் விடுவார்கள். முன்னது காரம், பின்னது அமிலம். இரண்டும் எதிரெதிர்க் குணம். நடுவில், எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பது நல்ல தண்ணீர். இந்த நிலையை எண்ணால் அளக்கும் வழியை 1909இல் டென்மார்க்கில் சோரன்சன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். அவர் வேலை பார்த்தது ஒரு பீர்க் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில்! அந்த அளவுக்குத்தான் பி.எச். என்று பெயர். தண்ணீர் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை மறந்துவிடக்கூடாது. துணி தூளில் சலவைச் சோடா சேர்வதால் அதன் கரைசல் சாதாரணமாக 10ஐத் தொட்டுவிடும். 7க்கும் 10க்கும் வித்தியாசம் மூன்று அல்ல, ஆயிரம் மடங்கு. குளிக்கிற கட்டிச் சவுக்காரமும் காரம்தான். 9, 10 என்று நிற்கும்.

கோட்டிங் என்பது பெரும்பாலும் கண்ணாடிக்கும் மணலுக்கும் உறவான சிலிக்கா. அது காயும்போது சாயத்தின் மேல் ஒரு மெல்லிய சவ்வாகப் பிடிக்கும். அதன் கனம் ஒரு மைக்ரானோ இரண்டு மைக்ரானோ இருக்கும். நம் தலைமுடி சுமார் எழுபது மைக்ரான். அத்தனை மெல்லிய சவ்வை வாரா வாரம் காரத்தில் தேய்த்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கோட்டிங் இல்லாமல் மெழுகு மட்டும் பூசிய காராக இருந்தால் இன்னும் சீக்கிரமாகவே போய்விடும்.

சவுக்காரம் காரமா இல்லையா என்று பார்க்க அடுப்பங்கரையே போதும். வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து, கரைத்த சவுக்காரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சள் செம்பழுப்பாக மாறினால் அது காரம், காருக்கு வேண்டாம். மஞ்சள் அப்படியே இருந்தால் காரம் இல்லை. ஆனால் அமிலம் இருந்தாலும் மஞ்சள் நிறம் மாறாது. அதற்குச் செம்பருத்தி இருக்கிறது. 1960இல் நம் நாட்டு மலராக அறிவித்த அதே பூங்கா ராயாதான். சிவப்புப் பூவின் இதழைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் விட்டுப் பாருங்கள். அமிலம் என்றால் நல்ல சிவப்பு, காரம் என்றால் பச்சை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது ஒரு மாதிரி மாயவித்தை. வீட்டுக்குப் போய் அம்மாவின் அலமாரியில் உள்ள போத்தல் அத்தனையையும் சோதித்துவிட்டுத்தான் மறுநாள் வருகிறார்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பாத்திரம் கழுவும் திரவம் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும். அதை நம்பி வாளியில் ஊற்றாதீர்கள். அது எண்ணெய்ப் பசையைப் பிரித்தெடுக்கப் பிறந்தது. மெழுகையும் சேர்த்துப் பிரித்துக்கொண்டு போகும். கார் சவுக்காரத்துக்கு இருக்கவேண்டிய வழுவழுப்பும் அதில் குறைவு. வழுவழுப்பு எதற்கென்றால், தோட்டத்துச் சாலைச் செம்மண்ணில் கலந்திருக்கும் மணல் துகள் துணியோடு சேர்ந்து சாயத்தைக் கீறாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு. வெயிலில் காரின் மேல் சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அவை பெரும்பாலும் இப்படி வந்த கீறல்கள்தான்.

கடைக்குப் போனால் போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘பி.எச். நியூட்ரல்’ என்று போட்டிருக்கவேண்டும். ‘வாக்ஸ்’ கலந்தது என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தால் கோட்டிங் போட்ட காருக்கு வாங்காதீர்கள். அந்த மெழுகு கோட்டிங்கின் மேல் படிந்து அதன் குணத்தை மறைத்துவிடும். நுரையைப் பார்த்தும் மயங்கவேண்டாம். நுரைக்கும் பொருளை நம் செம்பனைக் கொட்டைப் பருப்பு எண்ணெயிலிருந்தும் எடுக்கிறார்கள். அது காரத் தூளிலும் உண்டு, சாதுவான சவுக்காரத்திலும் உண்டு. எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை மூடி என்று போட்டிருப்பதற்கு மேல் ஊற்றினால் காசுதான் நஷ்டம்.

அக்கா இப்போது தூளை நிறுத்திவிட்டுச் சிறு போத்தல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். நான்கைந்து கழுவலுக்குப் பிறகு, பழைய படிவு போய், கதவுப் பக்கங்களில் தண்ணீர் மறுபடியும் உருள்கிறது. கூரையிலும் முன் மூடியிலும் உருளவில்லை; அங்கே கோட்டிங் போயேவிட்டது. அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் திரும்பப் போடலாமா என்று அண்ணன் கணக்குப் பார்க்கிறார். மகளுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சிப் புழுதியை இறக்குங்கள். வாளி இரண்டு வையுங்கள்: ஒன்று சவுக்காரத்துக்கு, மற்றது துணியை அலசுவதற்கு. மேலிருந்து கீழே வாருங்கள். டயருக்கு வேறு துணி. உச்சி வெயிலில் வேண்டாம், சவுக்காரம் அப்படியே காய்ந்து திட்டுப் பிடிக்கும். பறவை எச்சம் விழுந்தால் ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதீர்கள். வெயில் ஏறுவதற்குள் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிடுங்கள்.