ஊசிக்கு வயதாகும்போது

கிழிந்த சேலையைத் தூக்கிப்போட மனம் வராதவர்கள், முனை மழுங்கிய ஊசியைக் கொஞ்சமும் யோசிக்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காட்டோர ஊர்களில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைகளைப் பார்க்கப் போனபோது என் கண்ணில் முதலில் பட்டது இதுதான்.

சித்திகள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். போர்ச்சுக்கீசியரின் கோவாவிலிருந்து தப்பி இந்தக் காடுகளுக்குள் வந்தவர்கள் அவர்களில் பலர். உத்தர கன்னடச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது 2003இல்தான். இந்துக்கள், கத்தோலிக்கர்கள், முஸ்லிம்கள் என மூன்று சமயத்தாரும் இவர்களில் உண்டு. போர்வையை இவர்கள் 'கவந்தி' என்கிறார்கள். பழைய சேலை ஒன்றை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, ஒட்டுத்துணிகளின் விளிம்பை உள்மடித்து, ஓட்டுத்தையலால் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி நகர்கிறார்கள். வரைபடம் கிடையாது, அளவுகோல் கிடையாது. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து 'பூலா' வைத்தால்தான் வேலை முடிந்தது. பூலா இல்லாத கவந்தி அம்மணமாக நிற்கிறது என்பது அவர்கள் பேச்சு.

ஊசிக்குச் சோதனை அந்த மூலைகளில்தான். மடிப்பின் மேல் மடிப்பாகத் துணி அங்கே கனத்துவிடுகிறது. நடுவில் வழுக்கிக்கொண்டு ஓடிய ஊசி மூலைக்கு வந்ததும் முரண்டு பிடிக்கும்.

எனக்கு மொழி உதவி செய்த பெண் 'அஜ்ஜி' என்று கூப்பிட்ட மூதாட்டியிடம், ஊசியை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன். அவர் பேசவில்லை, முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துக் காட்டினார். வழுக்கிப் போனால் நல்ல ஊசி. நகத்தைக் கீறினால் முனை மடங்கியிருக்கிறது. பார்வைக்குத் தெரியாத அந்த மடிப்பு, நைந்த பருத்தியில் ஓர் இழையைக் கொக்கிபோட்டு இழுத்துத் துணியைச் சுருக்கிவிடும். புதுத்துணி அதைத் தாங்கும். இருபது வருடம் உடுத்திய சேலை தாங்காது. பழைய துணிக்குத்தான் கூரான ஊசி வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தால் நாம் நூல் விற்ற கடைக்காரரைத் திட்டுவோம். அஜ்ஜி ஊசியின் காதைப் பார்க்கிறார். காதின் உட்புறம் சொரசொரப்பாகிவிட்டால் ஒவ்வொரு தையலுக்கும் நூலை அரமாக அராவும். அப்போது புது நூல் வாங்குவது வீண்செலவு. காதுபோன ஊசியும் முனை சரியாக இருந்தால் ஒட்டுத்துணி நகராமல் குத்திவைக்கப் பயன்படுகிறது. ‘காதற்ற ஊசியும் வாராது’ என்று பாடிய பட்டினத்தார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஊசி இழுக்க மறுத்தால், எண்ணெய் தடவிய தலைமுடியில் ஒருமுறை உரசிக்கொள்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டிகளும் செய்ததுதான். அதற்கும் மசியாத ஊசியில் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காலமும் விரல் வியர்வையும் சேர்ந்து பூச்சுபோன இரும்பில் துரு ஏற்றும். துருக்கறை வெளிர்த்துணியிலிருந்து எளிதில் போகாது. ஆனால் லேசாக வளைந்த ஊசியை எறிய வேண்டும் என்று நான் நினைத்தது அங்கே எடுபடவில்லை. ஒருத்தி தன் வளைந்த ஊசியை யாருக்கும் தருவதில்லையாம். அவள் விரல் தள்ளும் பக்கமாகவே அது வளைந்திருக்கிறது. துணியை நிமிண்டிக்கொண்டு தானாக மேலே வருகிறது. எல்லா மாற்றமும் தேய்மானம் இல்லை.

ஊசி சீக்கிரம் தேய்வதற்குத் துணியும் ஒரு காரணம். முன்பு வீட்டில் பழையதாவது பருத்திச் சேலை. இப்போது பாலியஸ்டர் கலந்த சட்டை, நைட்டி, பள்ளிச் சீருடை. இழை கெட்டியாக நெருங்கிய துணியில் ஊசியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. கத்தரிக்கும் இதே கதி. பருத்தியை ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டுக் கையால் கிழித்தால் நேராகக் கிழியும். கத்தரிக்கு வேலை குறைவு. கலப்புத்துணி அப்படிக் கிழிய மறுக்கிறது, முழுக்க வெட்டத்தான் வேண்டும்.

கத்தரி நுனியில் துணியை வெட்டாமல் மென்றால் உடனே சாணைக்குக் கொடுக்க வேண்டாம். பாதி நேரம் குற்றம் நடு ஆணியில்தான்: தளர்ந்து இரு அலகும் விலகியிருக்கும். ஆணியை இறுக்கியும் மென்றால்தான் சாணை. பழைய சட்டையின் தையலைப் பிரிக்கும் சவர பிளேடு விஷயத்தில் மட்டும் யாரும் சிக்கனம் பார்ப்பதில்லை. மழுங்கிய பிளேடை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல்.

கண் மங்கியவர்கள் பெரிய காதுள்ள ஊசிக்கு மாறுகிறார்கள். காது பெரிதானால் பெரும்பாலும் தண்டும் தடிக்கும், தள்ளும் விரலுக்கு வலி கூடும். அதனால் அஜ்ஜி மெல்லிய ஊசிகளையே வைத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகும்முன் பேத்தியை உட்காரவைத்து ஏழெட்டு ஊசிகளில் நூல் கோக்கச் சொல்லிவிடுகிறார். நாள் முழுவதற்கும் அது போதும்.

ஊசி உடைந்தால் வேலை அங்கேயே நிற்கும். குழந்தைகளைப் படுக்கவைக்கும் சின்னக் கவந்திகளும் தைக்கிறார்கள். அடுக்குக்குள் ஒடிந்த முனை தங்கிவிட்டால் ஒருநாள் அது வெளியே வரும். நான் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு முனை காணாமல் போயிற்று. விரலால் தடவிப் பார்த்தார்கள், போர்வையை உதறினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் அன்று காலையிலிருந்து தைத்த வரிசைகளையெல்லாம் பிளேடால் பிரிக்கத் தொடங்கினார்கள்.