பந்தயத்தடத்தில் கற்ற கேட்டல் பாடம்



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் மகிழுந்துப் பந்தயத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவக்கூடும். என் முன்னாள் மாணவர் ஒருவர் வாகனப் பட்டறையில் பணிபுரிகிறார். நண்பர்கள் மூவருடன் சேர்ந்து பழைய புரோட்டோன் சாகா ஒன்றைச் சீரமைத்து, சிப்பாங் தடத்தில் பொழுதுபோக்குப் பந்தயங்களில் ஓட்டுகிறார். 2023ஆம் ஆண்டில் ஒருநாள் என்னைத் தேடி வந்து, "ஐயா, உங்கள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். எங்கள் வாக்கி டாக்கியில் பேச அப்படி ஒரு குரல் வேண்டும்," என்றார். மறுக்க மனம் வரவில்லை.

சிப்பாங் தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். இவர்களுடைய வண்டி அதைக் கடக்க ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் ஆகும். முன்பெல்லாம் பிட் சுவரோரம் எழுத்துப் பலகையைத் தூக்கிக் காட்டுவார்களாம். அப்படியானால் ஓட்டுநருக்குச் செய்தி எட்டுவது மூன்று நிமிடத்திற்கு ஒருமுறைதான். வளைவுக்கு அப்பால் எண்ணெய் சிந்தியிருந்தால் அந்தப் பலகையால் என்ன பயன்? தடத்து அதிகாரிகளின் கொடிகளே முதன்மையானவை. எனினும் காதோடு வரும் ஒரு சொல் கூடுதல் பாதுகாப்பு அல்லவா?

தொழில்முறைக் குழுக்களின் கருவிகளை வாங்க இவர்களுக்கு வசதியில்லை. சாதாரணக் கைக்கருவிகள் இரண்டு, தலைக்கவசத்துக்குள் பொருத்தும் சிறு ஒலிவாங்கி, காதுக்குள் வைக்கும் ஒலிப்பான், சுக்கானில் கட்டிய பேச்சுப் பொத்தான், எனக்கு ஒரு காதுமூடி. அவ்வளவே. ஆயினும், மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எந்தக் கருவியையும் வாங்கிப் பேசிவிட முடியாது. அலைவரிசைகள் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திற்கு உட்பட்டவை. 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட தடங்களில், சிரிம் சான்று பெற்ற கருவியைத் தனி உரிமமின்றிப் பயன்படுத்தலாம். பக்கத்திலேயே அனைத்துலக விமான நிலையம் இருக்கும் இடத்தில் வேறு அலைவரிசைகளைத் தொட்டுப் பார்ப்பது விளையாட்டன்று.

முதல் பயிற்சியில் இரைச்சல்தான் மிஞ்சியது. மகிழுந்தின் இரும்புக் கூடு அலையைத் தடுத்தது. இரு நேர்வழிகளுக்கும் நடுவே நிற்கும் பெரிய பார்வையாளர் மேடை மறைத்தபோது குரல் அறுந்தது. அலைவாங்கியைக் கம்பிவழிக் கூரைமீது கொண்டுசென்றபின் பெரும்பகுதி சீரானது. கருவியை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை.

ஆனால் மொழிச் சிக்கல் ஒன்று எஞ்சியது. இக்கருவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச இயலும். பொத்தானை அழுத்தியவுடன் பேசினால் முதலசை வெட்டுப்படும். முந்தி விட்டுவிட்டால் கடைசியசை போய்விடும். ஒருமுறை அவருடைய நண்பர், "உள்ளே வராதே!" என்று பதற்றத்தில் கூவிவிட்டுப் பொத்தானை விட்டார். ஓட்டுநர் காதில் விழுந்தது "உள்ளே" மட்டுமே. வண்டி பிட் பாதைக்குள் நுழைந்துவிட்டது!

இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் எதிர்மறை வினையின் பின்பகுதியில் வருகிறது. 'வா' என்பதும் 'வராதே' என்பதும் ஒரே இடத்தில் தொடங்கி, வாலில்தான் பிரிகின்றன. இரைச்சல் முதலில் விழுங்குவதும் அந்த வாலைத்தான். அன்றே நால்வரையும் அமர்த்தி, சொற்பட்டியல் ஒன்று எழுதினோம். உள்ளே வர "பிட்", வெளியிலேயே இருக்க "தொடர்", ஆபத்தென்றால் "நிறுத்து". எதிர்மறைச் சொல் ஒன்றுகூட இல்லை. கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் விதி.

வகுப்பறையில் நாம் நாள்தோறும் சொல்வன எவை? ஓடாதே, பேசாதே, கிறுக்காதே! முப்பது மாணவர்களின் இரைச்சலில் பிள்ளையின் காதில் விழுவது "ஓடு" மட்டும்தானோ? இப்போதெல்லாம் "மெல்ல நட" என்று சொல்லிப் பார்க்கிறேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் வைக்கிறேன். நல்ல மாற்றம் தெரிகிறது.

கேட்டல் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் செவிமடுத்தல், கீழ்ப்படிதல் என இருபொருள் உண்டு. 2013ஆம் ஆண்டு இதே சிப்பாங்கில் ரெட் புல் குழு, 'மல்ட்டி 21' என்ற குறிச்சொல்லால் மார்க் வெப்பரே முன்னே செல்லட்டும் என்று வானொலியில் பணித்தது. செபாஸ்தியான் வெட்டல் அதை மீறி முந்திச் சென்று வென்றார். அவர்களிடம் இருந்தவை உலகின் மிகச் சிறந்த கருவிகள். செவிக்குள் சென்ற சொல் செயலாவதற்குக் கருவி மட்டும் போதாது. இருவருக்குமிடையே நம்பிக்கையும் வேண்டும்.

என் மாணவரின் தந்தை லாரி ஓட்டுநர். பந்தயம் என்றாலே அவருக்குச் சாலையில் கருகிய ரப்பர் வாடைதான் நினைவுக்கு வரும். மகனோடு பேசியே பல மாதங்கள் ஆகியிருந்தன. பந்தய நாளன்று அவரை வற்புறுத்தி அழைத்து வந்தோம். காதுமூடியை நான் கழற்றி அவர் தலையில் மாட்டினேன். மஞ்சள் கொடி தெரிந்தது. அவர் பொத்தானை அழுத்தி, ஒரு கணம் பொறுத்து, "தம்பி, மஞ்சள் கொடி, மெதுவாக," என்றார். சிறு இரைச்சலுக்குப் பின், "மஞ்சள் கொடி, மெதுவாக. சரிப்பா," என்று பதில் வந்தது. அவர் காதுமூடியைப் பந்தயம் முடியும்வரை திருப்பித் தரவில்லை.

பெற்றோர்களே, பொத்தானை அழுத்தி ஒரு கணம் பொறுங்கள். பிறகு சுருக்கமாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் விட்டுவிடுங்கள். நாம் அழுத்திக்கொண்டே இருக்கும்வரை மறுமுனையில் இருக்கும் பிள்ளையால் பேச முடியாது.