இரண்டு கையெழுத்துகள்

அண்ணாவுக்கு ஊசி போடலாம் என்று கையெழுத்து வைத்தவன் நான்.

டொரொண்டோவில் ஓர் ஆஸ்பத்திரி. அண்ணா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. குடிக்கிற தண்ணீரில் மருந்து கலக்கிறார்கள் என்றார். அது முழுக்க நோயின் கற்பனை என்று சொல்ல முடியாது. முதல் தடவை நோய் வந்தபோது, மாத்திரையைக் கரைத்துத் தேத்தண்ணியில் கொடுத்தவர் அம்மா. ஊரில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். அண்ணா அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யார் கொடுத்தாலும் முகர்ந்துதான் குடித்தார்.

ஒன்ராறியோவில் நோயாளியை மறித்து வைப்பது வேறு, மருந்து கொடுப்பது வேறு. டொக்டர் ஒரு படிவம் நிரப்பினால் 72 மணித்தியாலம் மறித்து வைக்கலாம். மருந்துக்கு அது போதாது. முடிவெடுக்கும் திறன் அவருக்கு இப்போது இல்லை என்று டொக்டர் தீர்மானித்தாலும், அவருக்காக உறவினர் ஒருவர் சம்மதிக்க வேண்டும். அம்மா தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டார். பொறுப்பு என்னிடம் வந்தது.

டொக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "சுகமாக இருந்த காலத்தில் இந்த மருந்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?"

1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெளிவோடு இருந்தபோது ஒருவர் சொன்ன விருப்பம் உறவினரைக் கட்டுப்படுத்தும். அவருக்கு எது நல்லது என்று நாங்கள் நினைப்பது அதற்குப் பிறகுதான்.

"இல்லை" என்றேன்.

பொய். இரண்டு வருடங்களுக்கு முன், வீட்டின் நிலக்கீழ் அறையில் கரம் விளையாடிக்கொண்டிருந்தோம். ஊசியால் அவருடைய விரல் நடுங்கியது. ஊரில் அவரை யாரும் வென்றதில்லை. அன்று சிவப்பு குழிக்குப் பக்கத்திலேயே கிடந்தது, அவரால் போட முடியவில்லை. "தம்பி, திரும்ப வருத்தம் வந்தாலும் எனக்கு அந்த ஊசி வேண்டாம்" என்றார். நல்ல தெளிவோடுதான் சொன்னார்.

பிறகுதான் ஸ்காட் ஸ்டார்சனின் வழக்கை வாசித்தேன். பௌதிகத்தில் ஆற்றல் மிக்கவர். மருந்து தன் சிந்தனையை மந்தமாக்கும் என்று மறுத்தார். 2003இல் கனடா உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறுக்கும் உரிமை கிடைத்தது. ஆனால் அதன் பிறகும் அவர் வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் எனக்கு ஒவ்வொரு பக்கம் நியாயமாகத் தெரிகிறது.

ஊசி வேலை செய்தது. மூன்றாம் கிழமை அண்ணா சோறு கேட்டார். இப்போது மாத்திரைதான், தானே எடுத்துப் போடுகிறார். வேலைக்கும் போகிறார்.

போன மாரியில் கரம் பலகைக்கு மாவு தூவிக்கொண்டே கேட்டார்:

"அண்டைக்கு டொக்டர் உன்னட்டை ஏதும் கேட்டவரே?"

"ஓம்."

"நீ என்ன சொன்னனீ?"

சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆட்டத்தை முடித்துவிட்டு மேலே போனார்.

அடுத்த மாதம் ஒரு பத்திரத்தோடு வந்தார். திரும்ப நோய் வந்தால் எந்த மருந்துக்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று எழுதியிருந்தார். தனக்காக முடிவெடுக்க வேலைத்தலத்து நண்பர் ஒருவரை நியமித்திருந்தார். என் பெயர் அதில் இல்லை. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், அதற்கு மட்டும் என்னைக் கேட்டார்.

அண்ணா உயிரோடு இருக்கிறார். அன்றைய கையெழுத்துக்காக நான் வருந்தவில்லை. அந்தப் பொய்க்காக வருந்துகிறேன். இரண்டையும் பிரிக்க முடியுமா என்று தெரியவில்லை.

பேனையை வாங்கி, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.