காமிரா உள்ளுக்கு ஏசி

மொதல்லயே சொல்லிடறேன், எந்தக் கம்பெனி ஏசி நல்லதுன்னு சொல்ற பதிவு இல்லை இது. அதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. மாயவரத்துல தாத்தா கட்டின வீட்டுல ஒரே ஒரு ரூமுக்கு ஏசி போட நாங்க பட்ட பாட்டை எழுதி வச்சா, பழைய வீடும் அதுல வயசான அம்மா அப்பாவும் இருக்கற யாருக்காவது உபயோகப்படுமேன்னுதான்.

2024 அக்னி நட்சத்திரம். அம்மாவுக்கு 78 வயசு, தனியாத்தான் இருக்காங்க. ஒரு நாள் காலையில பால்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு எதிர்வீட்டு அத்தைகிட்ட சொல்ல, அவங்க வந்து பாத்தா அம்மா ரேழியில சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காங்க. எழுந்திருக்க முடியலை. ராத்திரி பூரா தூங்காம வேர்த்துக் கொட்டி உடம்புல தண்ணியே இல்லை, பிரஷர் மாத்திரை வேற சேர்ந்துக்கிச்சுன்னார் டாக்டர். தம்பி பெங்களூர்லேருந்து போன்லயே தீர்ப்பு சொல்லிட்டான். "வீட்டைப் பூட்டிட்டு சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடுக்கா." அம்மாவோட பதில் அதைவிடச் சுருக்கம். "இந்தக் கட்டை இங்கதான் வேகும்."

ஆக, ராத்திரி தூங்க முடிஞ்சா அம்மா அவங்க வீட்டுல இருக்கலாம். முடியலைன்னா என்னோட மூணாவது மாடி ஃப்ளாட். அவ்வளவுதான் விஷயம். ஏசின்னு பேச்செடுத்ததும் அம்மா கேட்டாங்க: "செத்தா ஐஸ் பெட்டியில வைப்பாங்களே, அதுக்கு இப்பவே ஒத்திகையா?" இதுக்கு என்னன்னு பதில் சொல்றது!

பழைய வீடுன்னா குளுகுளுன்னு இருக்குமேன்னு நீங்க கேக்கலாம். பகல்ல இருக்கும். ஒன்றரை அடி செங்கல் சுவர் பகல் சூட்டை உள்ள வாங்கி வச்சுக்கும், ராத்திரி மெதுவா வெளிய விடும். ராத்திரி காத்து குளிர்ந்து வீசினாத்தான் அந்தக் கணக்கு சரியா வரும். முன்னே கொல்லைப் பக்கத்துலேருந்து காத்து வந்து முற்றம் வழியா மேல போயிடும். இப்ப கொல்லையை ஒட்டி ரெண்டு மாடி வீடு. காத்து நின்னு போச்சு, சூடு மட்டும் இருக்கு. ஏர் கூலர் வாங்கலாமேன்னார் ரங்கமணி. காத்து காஞ்சிருக்கற ஊர்ல அது சரி. கடல் பக்கத்துல இருக்கற, எப்பவும் பிசுபிசுன்னு வேர்க்கற ஊர்ல அது இன்னும் கொஞ்சம் ஈரத்தைத்தான் சேர்க்கும்.

எந்த ரூம்ங்கறதுல குழப்பமே இல்லை. கூடம் ஓட்டுக் கூரை, நடுவுல முற்றம் வானத்தைப் பாத்துத் திறந்து கிடக்கு. அங்க ஏசி போட்டா மாயவரத்துக்கே போட்ட மாதிரி :-) மிச்சம் இருக்கறது காமிரா உள். 12க்கு 14 அடி. மேல கட்டைக்குத்து தளம், அதாவது தேக்குக் கட்டைங்க மேல செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதிச்சது. மொதல் வேலையா தட்டோட்டு விரிசலை எல்லாம் அடைச்சு, வெயிலைத் திருப்பி அனுப்பற வெள்ளை பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சோம். அதுலயே ரூம்ல வித்தியாசம் தெரிஞ்சது. ஏசி வாங்கற காசுல இதுக்குக் கொஞ்சம் ஒதுக்குங்க.

அடுத்தது கரண்ட். இதுலதான் பாதி நாள் போச்சு. வீட்டு ஒயரிங் முழுக்க மரச்சட்டத்துக்குள்ள ஓடுது. ஒரு இடத்துல மூடியைக் கழட்டினா ஒயர் மேல இருந்த ரப்பர் கையோட பொடிப்பொடியா வந்துடுச்சு. சுவத்துல மூணு ஓட்டை பிளக் இருக்கு, ஆனா எர்த் ஓட்டைக்குப் பின்னாடி கம்பியே கிடையாது! எலக்ட்ரீசியன் அண்ணன் என்னை நிமிர்ந்து பாத்து, "இத்தனை வருஷம் உங்க அம்மாவை சாமிதான் காப்பாத்தியிருக்கு"ன்னார். பழைய லைனைத் தொடவே இல்லை. மெயின் போர்டுலேருந்து ஏசிக்குன்னு தனியா 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி. கொல்லையில குழி தோண்டி கரியும் உப்பும் போட்டு எர்த் பைப். மெயின்லயே 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலும் கரண்டை வெட்டற ஆர்சிசிபி. ஈபி ஆபீஸ்ல லோடும் ஏத்தி வாங்கினோம். இதுக்கு ஆன செலவு ஏசி விலையில பாதியைத் தொட்டுடுச்சு. கடைக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க.

கடைக்காரர் சொன்னது, "150 சதுர அடிக்கு ஒரு டன் போதும் மேடம்." டன்னுங்கறது எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருகறதுக்கு எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்தக் கணக்கு, மணிக்கு 12,000 பிடியு. அவரோட கணக்கு 10 அடி உயர ஃப்ளாட்டுக்கு. எங்க ரூம் உயரம் 13 அடி, அதாவது 1,680க்குப் பதிலா 2,184 கன அடி காத்து, அதுக்கு மேல வெயில்ல காயற தளம். அதனால 1.5 டன் இன்வெர்ட்டர். வருஷத்துல நாலு மாசம், ராத்திரி மட்டும் ஓடப்போற மெஷினுக்கு 5 ஸ்டார் கூடுதல் விலை திரும்பி வராதுன்னு தோணுச்சு, 3 ஸ்டாரே எடுத்தோம். ஸ்டாரை மட்டும் எண்ணாதீங்க. சில வருஷத்துக்கு ஒரு தரம் அளவுகோலை மாத்தறாங்க. லேபிள்ல ஐஎஸ்இஇஆர்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், அதை ஒப்பிட்டுப் பாருங்க.

ஃபால்ஸ் சீலிங் போட்டு உயரத்தைக் குறைக்கச் சொன்னாங்க. வேணாம்னுட்டேன். அதுக்கு மேல கரையான் ஏறினாலும் மழை ஒழுகினாலும் தேக்குக் கட்டை உளுத்து விழற வரைக்கும் நமக்குத் தெரியாது. அதுக்குப் பதிலா ஏசியை ஏழரை அடியிலேயே மாட்டினோம். குளிர்ந்த காத்து கீழதான் இறங்கும், மேல அஞ்சு அடி சூடா இருந்துட்டுப் போகட்டும். ஜன்னலுக்கு மேல இருந்த வெண்டிலேட்டர்களை செங்கல் வச்சு அடைக்காம, கீல் போட்ட கண்ணாடிக் கதவு வச்சோம். ஐப்பசி வந்தா திறந்துக்கலாம்.

மாட்ட வந்த பசங்க நேரா ஹேமர் டிரில்லை எடுத்துட்டாங்க. நல்லவேளை கொத்தனார் கூட இருந்தார். "தம்பி, இது சுண்ணாம்புக் கட்டு. அந்த அடி அடிச்சா கல்லு ஆடிடும், உள்ள மாவாக் கொட்டும்"னு நிறுத்திட்டு, வாடகைக்குக் கோர் கட்டர் வரவழைச்சார். தண்ணி நிக்காம இருக்க வெளிப்பக்கம் சாய்வா ஓட்டை, அதுக்குள்ள பிவிசி குழாய். அவுட்டோர் யூனிட்டை முற்றத்துல வைக்கலாம்னாங்க, வேலை சுலபமாம். வீட்டுச் சூட்டை வெளிய தள்ள வந்த மெஷினை வீட்டு நடுவுலயா வைக்கறது? கொல்லையில ரெண்டு அடி சிமெண்ட் மேடை கட்டி வச்சோம். மழைத் தண்ணி தேங்கற இடம் அது.

கடைசிச் சண்டை வேக்குவம் பம்புக்கு. பைப்புக்குள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் பம்பு போட்டு உறிஞ்சிட்டுத்தான் கேஸைத் திறந்து விடணும். "கொஞ்சம் கேஸை விட்டா அதுவே காத்தைத் தள்ளிடும் மேடம், எல்லா வீட்லயும் இப்படித்தான்." எல்லா வீட்லயும் இப்படித்தான் ரெண்டு வருஷத்துல கம்ப்ரசர் போகுதான்னு கேட்டேன். அதோட ஆர்-32 லேசா தீப்பிடிக்கற கேஸ், ரூமுக்குப் பக்கத்துல திறந்து விடற சரக்கு இல்லை. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனவங்க மறுநாள் பம்போட வந்தாங்க. இருபது நிமிஷ வேலை.

ஜூன் கடைசியில ஓட ஆரம்பிச்சது. 24ல அம்மாவுக்குக் குளிருது. 27, கூட ஃபேன் ஒண்ணுல. ராத்திரி ஒன்பதுலேருந்து காலை அஞ்சு வரைக்கும் மீட்டரைக் குறிச்சுப் பாத்தேன், 5 யூனிட். அதுக்கப்புறம் ஒரு முழு வெயில் காலமும் தாண்டியாச்சு. எதிர்வீட்டு அத்தை மத்தியானம் பாயோட வந்துடறாங்களாம், அதனால ராத்திரிக்கு மட்டுங்கற என் கணக்கெல்லாம் அடிபட்டுப் போச்சு. பூட்டற பேச்சைத் தம்பி இப்ப எடுக்கறதில்லை.

கூடத்துலயும் சமையல் உள்ளுலயும் இன்னும் அந்த மரச்சட்ட ஒயரிங்தான். மழை ஓயட்டும், தையில வந்து பிரிக்கறேன்னு எலக்ட்ரீசியன் அண்ணன் சொல்லியிருக்கார். அட்வான்ஸும் வாங்கிட்டுப் போயாச்சு.