ஆர்.சி. என் பெயரில் இருந்தது

2021-இல் நீலகிரிக் கூடலூரில் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்க்கிற குழு ஒன்றுக்கு என் மாருதி ஆம்னியைக் கொடுத்தேன். கொடுத்தேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். கொடுத்தது சாவியை மட்டும். ஆர்.சி. புத்தகம் என் கடை மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

எனக்கு ஹார்டுவேர் கடை. பெயின்ட், பைப், பிளம்பிங் சாமான். இந்த நோய்த்தணிப்பு வேலை எங்கள் பக்கம் நாடுகாணி மலைப்பாதை ஏறி, நிலம்பூரிலிருந்து வந்தது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கியதை மலப்புறத்துக்காரர்கள் தெருவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே கடைதோறும் மேசையில் ஓர் உண்டியல் இருக்கும். தனியார் பேருந்துக்காரர்கள் ஒரு நாள் வசூலை அப்படியே எடுத்துக் கொடுப்பார்கள். சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே போட்டது. எங்கள் ஊரில் கொள்கையெல்லாம் இல்லை. ஒரு சிஸ்டர், நாலைந்து தொண்டர்கள், ஒரு பை. பையில் டியூப், கையுறை, புண்ணுக்குக் கட்டும் துணி, நாற்றம் போகப் புண்மேல் தூவுவதற்குப் பொடித்த மெட்ரோனிடசோல் மாத்திரை. “மருந்துகூட எப்படியாவது கிடைச்சிடும் அண்ணாச்சி, வண்டிதான் கிடைக்கலை” என்றார் குழுவின் செயலாளர். அவர் வாயை மூடுவதற்குள் நான் சாவியை எடுத்து நீட்டினேன். அப்போது கடையில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வண்டியின் இரண்டு பக்கமும் என் கடைப் பெயரை ஓர் அடி உயரத்தில் எழுதவைத்தேன். அதன் கீழே, வளைந்து நெளிந்து, குழுவின் பெயர். டேன்டீ தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன்களுக்குள்ளே எந்தக் கடையின் விளம்பரப் பலகையும் போனதில்லை, என் பெயர் போனது. சில வீட்டார் வண்டியை முனையிலேயே நிறுத்தச் சொன்னார்களாம். இந்த வண்டி வாசலில் நின்றால் வீட்டில் யாருக்கோ புற்றுநோய் என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறதே. எழுத்தைச் சிறிதாக்கலாமா என்று சிஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

ஆர்.சி.யை ஏன் மாற்றவில்லை? ஆடிட்டரிடம் கேட்டேன், நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகை உண்டா என்று. பொருளாகக் கொடுத்தால் கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான் என்றார். அப்படியானால் வண்டி கடைக் கணக்கிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். தானம் கொடுத்த வண்டிக்கு வருடா வருடம் 15 சதவீதம் தேய்மானம் எழுதினேன். டீசலா பெட்ரோலா என்று யாரும் கேட்கப்போவதில்லை என்கிற தைரியத்தில், இன்னொரு வண்டியின் பில்லையும் அதிலேயே சேர்த்தேன்.

சொல்ல வந்தது இதுவும் இல்லை. 2023 ஜனவரி 10, செவ்வாய்க்கிழமை.

பொங்கலுக்கு முந்தின வாரம் பெயின்ட் கடைக்காரனுக்குத் தீபாவளி மாதிரி. கடை வண்டி பழுதாகி நின்றுவிட்டது. பந்தலூரில் ஒரு கான்ட்ராக்டருக்குப் பிரைமர் போயாக வேண்டும். விடிகாலையிலேயே டிரைவரிடம் சொல்லி ஆம்னியைத் திருப்பிவிட்டேன். டிரைவருக்குச் சம்பளம் நான்தான் கொடுத்தேன். அவன் என்ன மறுக்கவா போகிறான்? எட்டரை மணிக்குச் சிஸ்டர் போன் செய்தார். சேரம்பாடிப் பக்கம் ஒரு லயனில் பெரியவர் ஒருவருக்குச் சிறுநீர் டியூப் அடைத்துக்கொண்டது, உடனே போய் மாற்ற வேண்டும், வண்டி எங்கே அண்ணாச்சி என்றார்.

“சர்வீசுக்கு விட்டிருக்கேம்மா” என்றேன். யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொன்னது.

டியூப் அடைத்தால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன். மூத்திரப்பை நிறைந்துகொண்டே போகும், இறங்க வழி இருக்காது. புற்றுநோய் வலிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் மார்பின் மாத்திரை இருந்தது அவருக்கு. இந்த வலிக்கு அது போதாது. டியூபை மாற்றினால் சில நிமிடங்களில் அடங்கிவிடுமாம். அந்தச் சில நிமிட வேலைக்காக அவர் மத்தியானம்வரை காத்துக் கிடந்தார். சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர், வாழ்நாள் முழுக்கத் தேயிலைக்காட்டில் நின்றவர்.

சிஸ்டர் பஸ்ஸில் போனார். கூடலூரிலிருந்து சேரம்பாடிக்குப் பஸ் பந்தலூர் வழியாகத்தான் போகும். இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் டிரைவர் சாவியைக் கொடுக்கும்போது சொன்னான்: “பந்தலூர்ல இறக்கிட்டு இருந்தப்ப சிஸ்டர் பஸ்ல போனாங்க முதலாளி. நம்ம வண்டியையே பார்த்துட்டுப் போனாங்க. கையைக் காட்டினேன்.” ஓர் அடி உயர எழுத்து. தெரியாமல் இருக்குமா? யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் சொன்னேன். அவன் தலையை ஆட்டிய விதத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஜனவரி 15-ஐக் கேரளத்தில் நோய்த்தணிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த வருடம் பொங்கலும் அன்றுதான். நிலம்பூர்ப் பக்கம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், வண்டி தந்த வணிகர் என்று. போகாமல் இருந்திருக்கலாம், கடைதான் லீவாயிற்றே என்று போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். மலையாளத்தில் என்னைப் பற்றி நல்லதாக ஏதோ பேசினார்கள். மூன்றாவது வரிசையில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களைப் போல அவரும் கைதட்டினார்.

மாதங்கள் கழித்துக் குழுவின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தேதிக்கு எதிரே அவர் கையெழுத்தில்: வண்டி இல்லை. பஸ். சேர்ந்த நேரம் 1.50. அவ்வளவுதான். காரணம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

2024-இல் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு வண்டியைக் குழுவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். மனசாட்சி உறுத்தியது உண்மை. வண்டி 2011-இல் வாங்கியது, 2026-இல் பதினைந்து வருடம் முடிகிறது, மறுபதிவு, பசுமை வரி என்று செலவு வரும் என்பதையும் ஆடிட்டர் அதே வாரத்தில்தான் சொல்லியிருந்தார். இரண்டில் எது என்னை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பியது என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெயரை அழித்துவிடுங்கள், பெயின்ட் நானே தருகிறேன் என்றேன். பெயின்ட் அடிக்க இரண்டு நாள் வண்டியை நிறுத்த வேண்டுமே அண்ணாச்சி, யார் வீட்டுக்குப் போகாமல் இருப்பது என்று கேட்டார் சிஸ்டர். அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.